ராத்திரி சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு

செவ்வாய்ப்பேட்டையில் கடையை அடைத்து ஷட்டரை இறக்கும்போது பெரும்பாலும் மணி பத்தரை ஆகிவிடும். அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு, கலெக்டர் ஆபீஸ், அஸ்தம்பட்டி, சின்னதிருப்பதி என்று கன்னங்குறிச்சி வரைக்கும் எனக்குச் சைக்கிள்தான். பன்னிரண்டு வருஷமாக இதே பாதை. இப்படி ராத்திரியில் சைக்கிள் மிதித்து வீடு போகிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை பக்கம் ஷிப்டு மாறிப் போகும் தறிக்காரர்கள், வெள்ளிப் பட்டறைக்காரர்கள், லீ பஜாரில் மூட்டை இறக்கிவிட்டுப் போகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவி முடித்துக் கிளம்பும் அக்காமார்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகும் பெரியவர்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி ராத்திரி, தூறல் விட்டிருந்தது. அஸ்தம்பட்டி தாண்டி ஒரு இடத்தில் நாலைந்து தெருவிளக்கு வரிசையாக எரியவில்லை. பின்னால் வந்த பைக் என் கேரியரில் மோதி, நான் ரோட்டோரம் போய் விழுந்தேன். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டி வந்தது கல்லூரிப் பையன். குடிக்கவில்லை, போன் பேசவில்லை, பெரிய வேகமும் இல்லை. நடுங்கிக்கொண்டே அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, நீங்க முன்னாடி போனதே தெரியலண்ணா." வீட்டில் எல்லாரும் அவனைத் திட்டினார்கள். படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தபோது அவன் சொன்னது உண்மை என்று எனக்குப் புரிந்தது. முன்னால் லைட் வைத்திருந்தேன். பின்னால் மட்கார்டில் கம்பெனியிலிருந்தே வந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று, அது முழுக்கச் சேறு அப்பியிருந்தது, போதாததற்குக் கேரியரில் மடித்து வைத்த மழைக்கோட்டு அதன் மேல் தொங்கிக்கொண்டு இருந்தது. கறுப்புப் பேன்ட், கருநீலச் சட்டை. பின்னால் வருகிறவருக்கு நான் இருப்பதைச் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை.

அதனால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ராத்திரிச் சைக்கிளில் முதல் வேலை மற்றவர் கண்ணில் படுவது. திருடன், நாய், குழி எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். நீங்கள் கண்ணில் பட்டு, அது மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் இருபது இருபத்தைந்து மீட்டராவது வேண்டும். ஆகமொத்தம் ஐம்பது மீட்டருக்கு முன்னாலேயே நீங்கள் தெரிந்தாக வேண்டும். டிம் லைட்டில், எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது, கறுப்புச் சட்டை போட்ட ஆள் அவ்வளவு தூரத்தில் தெரிய மாட்டார்.

ஆகவே கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒரே ஒரு லைட்தான் வாங்க முடியும் என்றால் பின்னால் வைக்கும் சிவப்பு லைட்டை வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் முன் லைட்டை முதலில் வாங்குகிறார்கள், ஏனென்றால் அது நமக்குப் பாதை காட்டுகிறது. ஊருக்குள் தெருவிளக்கு பாதிப் பாதையைக் காட்டிவிடும், முதுகுக்குப் பின்னால் நமக்குக் கண் கிடையாது. யூஎஸ்பியில் சார்ஜ் போடுகிற சின்னப் பின் லைட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சீட்டுக்குக் கீழே மாட்டச் சொல்வார்கள். கேரியரில் டிபன் பை, வயர்க் கூடை வைக்கிறவர்கள் அங்கே மாட்டவே கூடாது, பை அதை மறைத்துவிடும். கேரியரின் கடைசிக் கம்பியில், பையைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கும்படி கட்டுங்கள். கட்டிவிட்டு வீட்டில் யாரையாவது முப்பது நாற்பது அடி தள்ளி நிற்க வைத்து, நீங்கள் உட்கார்ந்து, பை வைத்து, சேலை முந்தானையோ மழைக்கோட்டோ எப்படித் தொங்குமோ அப்படியே வைத்துக்கொண்டு, "தெரியுதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு நிமிஷச் சோதனையை நான் அன்றைக்குச் செய்திருந்தால் எலும்பு முறிந்திருக்காது.

லைட்டை மின்ன விடுவதா, நிலையாக எரிய விடுவதா என்று கேட்கிறார்கள். மின்னும் லைட் சட்டென்று கவனத்தை இழுக்கும், ஆனால் இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பின்னால் வருகிறவருக்குக் கணிப்பது கஷ்டம். நான் நிலையாகவே வைக்கிறேன். இரண்டு லைட் வாங்க முடிந்தால் ஒன்று நிலையாக, ஒன்று மின்னும்படி வைத்துக்கொள்ளலாம். முன் லைட் வெள்ளை, பின் லைட் சிவப்பு, இதை மாற்றவே கூடாது. சில பிள்ளைகள் அழகுக்காகப் பச்சை, நீலம் என்று சக்கரத்தில் மாட்டுகிறார்கள், அது கூடுதலாக இருக்கட்டும், பின்னால் சிவப்பு இருந்தே ஆக வேண்டும். முன் லைட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள், பத்துப் பதினைந்து அடிக்கு முன்னால் ரோட்டில் வெளிச்சம் விழுந்தால் போதும். நேராக வைத்தால் எதிரே வருகிறவர் கண் கூசும், கண் கூசிய ஆள் உங்கள் மேலேயே வண்டியை விட்டுவிடக்கூடும்.

பழைய டைனமோ வைத்திருக்கிறவர்கள் அதைக் கழற்றிப் போட வேண்டாம், நல்ல பொருள். ஒரு குறை என்னவென்றால் சக்கரம் நின்றால் லைட்டும் அணைந்துவிடும். வலது பக்கம் திரும்ப நடு ரோட்டில் நின்றுகொண்டு இருக்கும்போதுதான் நமக்கு லைட் அதிகம் தேவைப்படுகிறது. எனவே டைனமோவோடு பின்னால் ஒரு பேட்டரி லைட்டும் இருக்கட்டும். எங்கள் அப்பா சொல்வார், அவர் காலத்தில் லைட் இல்லாமல் ராத்திரியில் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றைப் பிடுங்கிவிடுவாராம். இப்போது யாரும் பிடிப்பதில்லை, அதனால் நாமும் மறந்துவிட்டோம்.

அடுத்தது ரேடியம் ஸ்டிக்கர். நம்பர் பிளேட் எழுதும் கடை எதில் கேட்டாலும் கிடைக்கும், வெட்டி எறியும் துண்டையே கேட்டு வாங்கலாம். பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் ஹேண்டில்பாருக்குக் கீழே வெள்ளை, பெடலின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள். பெடலில் ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மேலும் கீழுமாக ஏறி இறங்கும் இரண்டு மஞ்சள் புள்ளியைப் பார்த்தால் போதும், முன்னால் போவது சைக்கிள் என்று ஓட்டுகிறவருக்கு யோசிக்காமலே தெரிந்துவிடும். பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் ஒரு ரேடியம் பட்டை கட்டினாலும் இதே பலன்தான். இரண்டு சக்கரத்திலும் போக்ஸ் கம்பியில் ஒன்றிரண்டு மாட்டினால் குறுக்குச் சந்திலிருந்து வருகிறவருக்கும் பக்கவாட்டில் தெரிவீர்கள். ஒட்டுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழையில் உரிந்து வந்துவிடும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. பளபளக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறமெல்லாம் ரேடியம் ஆகாது. அந்தப் பளீர் நிறம் வெயிலில்தான் வேலை செய்யும், சூரிய வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் அதை அப்படிப் பளபளக்க வைக்கிறது, ராத்திரியில் அது சாதாரணத் துணிதான். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி தள்ளி அந்த ஸ்டிக்கர் மேல் அடியுங்கள். விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று திருப்பி அடித்தால் நல்ல சரக்கு. இன்னொன்று, ரேடியம் இருக்கிறதே, லைட் எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் அது ஒளிரும். ஹெட்லைட் எரியாமல் வரும் பைக்குக்கும், சந்திலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும் ஆட்டோவுக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

ஹெல்மெட் போடுங்கள். தறிக்குப் போகிற ஆள் சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டால் ஊர் சிரிக்கும் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போடச் சொல்லித்தான் கேட்டுக்கொள்கிறேன். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், பின்னந்தலையில் தள்ளிப் போட்டால் பயனில்லை.

சரி, பாதைக்கு வருவோம். ராத்திரிக்குக் குறுக்கு வழி வேண்டாம். வெளிச்சமும் கடையும் ஆள் நடமாட்டமும் இருக்கிற வழி ஒரு கிலோமீட்டர் கூடுதல் என்றாலும் அதிலேயே போங்கள். உங்கள் பாதையைப் பகலில் ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே குழி, எங்கே வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு அழிந்துபோயிருக்கிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் எங்கே மண் போட்டு மூடி அப்படியே உள்வாங்கிக் கிடக்கிறது, எந்தப் பெட்ரோல் பங்க், எந்த மருந்துக் கடை, எந்த டீக்கடை ராத்திரி பதினொன்றுக்கும் திறந்திருக்கிறது, இதையெல்லாம் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

ஐந்து ரோடு வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் மேலே சைக்கிளை ஏற்றாதீர்கள். ஏற்றத்தில் நம் வேகம் நடைக்குச் சமமாகிவிடும், பின்னால் வருகிற கார் வேகம் குறையாமல் வரும், ஒதுங்க இடம் கிடையாது. கீழேயே போங்கள். கீழே இருக்கும் சிக்கல் தூண். தூண் மறைவிலிருந்து திடீரென்று யு-டர்ன் அடித்து வருகிறவருக்கு நீங்கள் கடைசி நொடி வரைக்கும் தெரிய மாட்டீர்கள், ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் பெடலை நிறுத்தி, பிரேக்கில் விரல் வைத்துக்கொண்டு தாண்டுங்கள்.

சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் பைபாஸைத் தொட்டுத்தான் வீடு போக வேண்டும் என்கிறவர்கள் நிறைய இருக்கிறீர்கள். மெயின் ரோட்டில் ஏறவே வேண்டாம், சர்வீஸ் ரோடுதான். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் பைக்குகள் வரும், அதையும் எதிர்பார்த்தே ஓட்டுங்கள். நீங்கள் மட்டும் ஒருபோதும் ராங் சைடில் போகாதீர்கள். எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நீங்கள் 15, வண்டி 50 என்றால், ஒரே திசையில் போகும்போது அது உங்களை 35 கிலோமீட்டர் வேகத்தில்தான் நெருங்குகிறது, எதிரெதிராக வந்தால் 65. தவறு நடந்தால் திருத்திக்கொள்ள இருவருக்குமே பாதி நேரம்தான் மிஞ்சும்.

நம் ஊர் லாரி ஊர். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இடது பக்கம் கேபினை ஒட்டி வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. சிக்னலில் நிற்கும் லாரிக்கு இடது பக்கமாக நுழைந்து முன்னால் போய் நிற்பதுதான் நாம் செய்கிற மிக ஆபத்தான காரியம். அது இடது பக்கம் திரும்பினால் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், தப்பிக்க வழியே இல்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள், அரை நிமிஷம்தான் போகும். ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ்ஸுக்கும் இதே கதைதான். கரும்பு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் பின் லைட் இல்லாமல் ரோட்டோரம் நிற்கும், அதற்காகவே முன் லைட் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும்.

ரோட்டில் எங்கே ஓட்டுவது? இதில்தான் பலர் பயத்தில் தப்பு செய்கிறார்கள். ஓரத்துக்கும் ஓரமாக, சாக்கடை மூடியை ஒட்டி, மண்ணில் ஒரு சக்கரம் தாரில் ஒரு சக்கரம் என்று ஓட்டினால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அப்படிப் போனால் தார் விளிம்பில் சக்கரம் வழுக்கி ரோட்டுக்குள்தான் விழுவோம். தவிர, அங்கே நீங்கள் மர நிழலோடும் நிறுத்தி வைத்த வண்டிகளோடும் கலந்துவிடுவீர்கள். இடது ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே, நேர்கோட்டில், ஆடாமல் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்த காருக்கும் அதே மூன்றடி விடுங்கள், யாராவது கதவைத் திறப்பார்கள். இரண்டு காருக்கு நடுவே இடம் இருக்கிறது என்று உள்ளே போய் வெளியே வருவது வேண்டாம், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள். திரும்புவதற்கு முன்னால் பின்னால் ஒரு தடவை பார்த்து, கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள். நான்கு ரோடு மாதிரி பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எதிரே ஹை பீம் போட்டு வந்தால் அந்த லைட்டைப் பார்க்காதீர்கள். பார்வையை ரோட்டின் இடது விளிம்புக்குத் திருப்பி, பெடலை நிறுத்திவிடுங்கள். அந்த வண்டி தாண்டிய பிறகு கண் பழைய நிலைக்கு வரச் சில நொடி ஆகும், வயது ஏற ஏற அதிக நேரம் ஆகும். அந்த நொடிகளில்தான் குழியில் விழுவோம். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற தம்பிகளிடம் ஒன்றே ஒன்று: ராத்திரியில் பின்னால் இருப்பதைப் பார்க்க உங்களுக்கு இருப்பது காது மட்டும்தான்.

மழை நாளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் கோடையிலேயே சாயங்கால இடிமழை வந்துவிடும், அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகுதான் கவ்வும். ஆகவே சந்திப்புக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிரேக்கை உரச விட்டுக்கொண்டே வாருங்கள். சாக்கடை இரும்பு மூடி, ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ரயில்வே கேட் தண்டவாளம், இந்த மூன்றின் மேலும் ஈரத்தில் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தைக் குறுக்காக, செங்குத்தாகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். ரோட்டில் தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் அடி தெரியாமல் இறங்காதீர்கள், மூடி இல்லாத சாக்கடை இருக்கலாம், அறுந்து விழுந்த மின் கம்பியும் இருக்கலாம். ஒரு பஸ்ஸோ ஆட்டோவோ போகும்போது அதன் சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மழை விட்ட ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும், மூக்கனேரிக் கரை ஓரமாகப் போகும் எங்களுக்கு இது தெரியும், ஒன்று கண்ணில் விழுந்தால் போதும், சைக்கிள் கையை விட்டுப் போய்விடும். பவர் இல்லாத வெள்ளைக் கண்ணாடி ஒன்று பையில் வைத்திருங்கள்.

நாய். கறிக்கடை, ஓட்டல் குப்பைத் தொட்டி இருக்கிற இடத்தில் கூட்டமாகப் படுத்திருக்கும். வேகமாக மிதித்துத் தப்பிக்க நினைத்தால் கூடவே ஓடி வரும், ஓடும் காலைப் பார்த்துத்தான் அது துரத்துகிறது. மிதிப்பதை நிறுத்துங்கள், வேகத்தைக் குறையுங்கள். விடாமல் வந்தால் இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கண்ணை முறைத்துப் பார்க்காமல், மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை தாண்டியதும் நின்றுவிடும். உதைக்காதீர்கள், உதைக்கப் போய்த்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்று ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும், ரேபீஸ் வந்துவிட்டால் பிழைக்க வைப்பது அநேகமாக முடியாத காரியம்.

இனி மனிதர்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பதுதான் பறிகொடுக்க எளிய வழி. பேச வேண்டும் என்றால் வெளிச்சமான கடை வாசலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டாமல், சைக்கிளை ரோட்டுப் பக்கம் நிறுத்திப் பேசுங்கள். பையைத் தோளில் ஒரு பக்கமாகத் தொங்கவிட வேண்டாம், பைக்கில் வந்து இழுத்தால் பையோடு நாமும் விழுவோம். வெள்ளிப் பட்டறைத் தோழர்கள் கொலுசையோ வெள்ளிக் கட்டியையோ ராத்திரியில் தனியாகச் சைக்கிளில் எடுத்துப் போகாதீர்கள், முதலாளி கேட்டாலும் காலையில் கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். சம்பள நாளன்று தினமும் போகும் அதே நேரம், அதே வழி வேண்டாம்.

யாரோ பின்தொடர்கிறார்கள் என்று மனதுக்குப் பட்டால் அந்த உணர்வை நம்புங்கள். வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், தாண்டிப் போகாமல் அவர்களும் குறைத்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் தெருவை அவர்களுக்குக் காட்ட வேண்டாம். பகலில் பார்த்து வைத்த பெட்ரோல் பங்க், மருந்துக் கடை, டீக்கடை, அதற்குள் நேராக நுழைந்துவிடுங்கள். டீக்கடைக்காரரிடம் "அண்ணா, யாரோ பின்னாடி வர்றாங்க, கொஞ்ச நேரம் நிக்கிறேன்" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம், நான் அறிந்தவரை யாரும் போ என்று சொன்னதில்லை. அங்கிருந்து 112-க்கு அடியுங்கள், போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண் போதும். பெண்களுக்கு 181 தனியாக இருக்கிறது. பல போன்களில் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் அவசர அழைப்புப் போகும்படி வைக்கலாம், உங்கள் போனில் எத்தனை தடவை என்று செட்டிங்ஸில் இன்றைக்கே பார்த்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அப்படி அனுப்பிவிட்டால் அவர்களும் விடாமல் போன் செய்து உங்களை நடு ரோட்டில் எடுக்க வைக்க மாட்டார்கள்.

அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. முழு செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலைக் கம்பியும் இல்லாத சைக்கிளில் சேலை, துப்பட்டாவோடு ராத்திரியில் ஏறாதீர்கள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகி, துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிவிடுங்கள். ஒரே நேரத்தில் வேலை முடிகிறவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கிளம்புவது எல்லாவற்றையும்விட நல்லது. போகும்போது பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசாமல் ஒருவர் பின் ஒருவராக, ரொம்பத் தெரிகிற லைட் வைத்திருப்பவர் கடைசியில் வரும்படி போங்கள்.

பறிக்க வந்துவிட்டால் போனைக் கொடுத்துவிடுங்கள். கத்தி வைத்திருக்கிறானா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய பொருள் இல்லை அது. முன்கூட்டியே *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வீட்டில் எழுதி வைத்திருந்தால், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனையே முடக்கிவிடலாம். சைக்கிளுக்கும் ஒரு எண் உண்டு, பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தில் அடித்திருக்கும், அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையைப் பற்றிக் கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம் வரைக்கும் வேலைக்காகப் போய் வருகிறவர்களுக்கு இதுவரை சொன்னதே பொருந்தும், தெருவிளக்கு குறைவு என்பதால் முன் லைட் மட்டும் இன்னும் பலமாக வேண்டும். அடிவாரத்துக்கு மேலே ராத்திரியில் சைக்கிளில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு, இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்தால் ரிம்மும் கட்டையும் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும், பனி இறங்கினால் பத்தடி தெரியாது, ரோட்டைக் கடக்கும் காட்டெருமை லைட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிடும். மேலே இருட்டிவிட்டால் தங்கிவிடுங்கள், அல்லது சைக்கிளை ஏதாவது வேனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வேறு வழியே இல்லாமல் இறங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து, மூன்று வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆற விட்டு, ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு வாருங்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடிபட்ட வேகத்தில் வலி தெரியாது, சட்டென்று எழுந்து "ஒன்னும் இல்லை" என்று சொல்லிவிடுவோம். நானும் அதைத்தான் சொன்னேன், கையைத் தூக்க முடியவில்லை என்பது பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் ரோட்டை விட்டு ஓரத்துக்கு வாருங்கள், அப்புறம் உட்காருங்கள். கழுத்து, முதுகு வலித்தால் அசையாமல் இருந்து மற்றவர்களை வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மோதிய வண்டியின் எண்ணை, முடிந்தால் படமாக, எடுத்துவிடுங்கள். தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் கழித்து வாந்தி, விடாத தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் காலை வரைக்கும் பார்க்கலாம் என்று படுக்க வைக்காதீர்கள், அந்த நேரமே மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

காசுக்குப் பயந்து ஆஸ்பத்திரி போகாமல் இருக்கிறவர்கள் நம்மில் அதிகம். 2021-இல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும், அரசு தன் செலவில் கொடுக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் விபத்து என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ரோட்டிலேயே ஐந்நூறு ஆயிரம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டால் பின்னால் வலி பெரிதாகும்போது கையில் எதுவும் இருக்காது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றாலும் போலீஸில் பதிவு செய்யுங்கள், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் இழப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஒதுங்கிப் போக வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அன்றைக்கு எனக்கு 108-க்குப் போன் செய்து, சைக்கிளை ஓரமாக எடுத்து வைத்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் என் தலைக்கு மேல் குடை பிடித்து நின்றவர் ஒரு சோளக்கதிர் வண்டிக்காரர்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வாரம் ஒருநாள் காற்று, பிரேக் கட்டை, பெல், செயின், இந்த நாலையும் பாருங்கள். கட்டை தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மில் உரசும் சத்தம் கேட்டால் அன்றைக்கே மாற்றுங்கள், சின்னக் காசுதான். ராத்திரி பஞ்சரானால் கடை இருக்காது. ரோட்டோரம் இருட்டில் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்காமல், வெளிச்சம் இருக்கிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள், லைட்டை அணைக்காமல். தெரிந்த கடை வாசலிலோ பங்கிலோ பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வேறு வழியில் போய், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் லைட்டைக் கழற்றி, செல்போனுக்குச் சார்ஜ் போடும் அதே இடத்தில் இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பெண் எடுத்துக்கொண்டாள். காலையில் நான் கிளம்பும்போது டிபன் பையோடு லைட்டையும் கையில் கொடுத்துவிட்டு, எரிகிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறக்கிறாள்.